தனபாக்கியத்துக்கு வந்த க்யூ

"தோளில் தட்டிவிட ஒரு ஆள் போடுங்க சார். இல்லேன்னா இந்த வேஷம் எனக்கு வேண்டாம்."

தனபாக்கியம் இப்படிச் சொன்னபோது திருச்சி நாடகத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பலகையில் விளக்கு எரிந்தால் பேச வேண்டும், எரியாவிட்டால் பேசக் கூடாது. அப்படியே பழகிய உடம்பு. நடிக்க ஆசைப்பட்டு, மகன் வயதுள்ள நாடக இயக்குநர் நசீரிடம் பாடம் கேட்க வந்திருந்தார்.

"க்யூ கொடுத்துத்தானே இருக்கு, அக்கா?" என்றார் நசீர்.

"க்யூன்னா எனக்கு ரேஷன் கடை க்யூதான் தெரியும்."

மகன் வேஷம் போடும் எட்வின் சிரித்தான். "அது வேற க்யூ அம்மா. இது, எப்ப உள்ள வரணும்னு காட்டுற குறிப்பு. பாட்டுக்காரருக்கும் உண்டு, லைட் போடுறவருக்கும் உண்டு. பில்லியர்ட்ஸ் ஆடுற குச்சிக்குக்கூட அதே உச்சரிப்புதான்."

"அந்தக் குச்சியாலயாவது என்னைக் குத்தி உள்ள தள்ளுங்கப்பா."

சிரிப்புக்குச் சொல்லவில்லை. முன்பு கரூரில் இதே நாடகத்தைப் போட்டபோது பட்டது அப்படி.

நாடகத்தில் எட்வின், விடிந்தால் தூக்கு என்ற நிலையில் ஒரு கைதி. "அம்மா வரமாட்டா" என்று அவன் சொன்னதும் அம்மா உள்ளே வர வேண்டும். அந்த வார்த்தைக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு நின்ற பாக்கியம், அது வந்தபோது உறைந்துபோனார். எட்வின் திரும்பத் திரும்ப "அம்மா வரமாட்டா" என்றான். அழ வேண்டிய கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

நசீர் யோசித்தார்.

"இந்த வாரம் ஒத்திகையில நீங்க மேடை ஏற வேண்டாம்."

"வேஷத்தை எடுத்துட்டீங்களா?"

"இல்ல. ஓரமா நின்னு அவனைப் பாருங்க."

"என்னத்தைப் பாக்கணும்?"

நசீர் எட்வினைப் பார்த்து, "ஆரம்பி" என்றார்.

பாக்கியத்துக்கு அழுகை முட்டியது. ஆனாலும் தினமும் வந்தார். ஓரமாக நின்றார். பார்த்தார்.

நாடகத்தன்று திருச்சியில் அரங்கம் நிரம்பி வழிந்தது.

கைதி தனியாக உட்கார்ந்திருந்தான். கம்பியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான்.

வசனம் வரவில்லை.

அரங்கத்தில் யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒருவர் சீட்டி அடித்தார்.

பக்கத்திரைக்குப் பின்னால் நின்ற பாக்கியம் பதறிப்போய் நசீரைப் பார்த்தார். நசீர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாக்கியம் மேடையைப் பார்த்தார். எட்வினின் தோள்கள் ஒடுங்கியிருந்தன. ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தது, கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை தன் கையையே பிடித்துக்கொள்வதுபோல.

எப்போது நடந்தார் என்று அவருக்கே தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் இருந்தார். அந்தக் கை அவர் கைக்குள் இருந்தது.

"சாப்பிட்டியாப்பா?"

நாடகத்தில் இல்லாத வசனம். எட்வின் அவர் மடியில் முகம் புதைத்து ஓவென்று அழுதான்.

சீட்டி அடித்தவரிடமிருந்து சத்தமே இல்லை.

திரை விழுந்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பாக்கியம் நசீர் முன்னால் வந்து நின்றார்.

"மன்னிச்சிருங்க சார். க்யூ வர்றதுக்கு முன்னாடியே போயிட்டேன்."

"ஏன் போனீங்க?"

"அவன் கூப்பிட்டானே சார்! தெளிவா கேட்டுச்சு."

எட்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "நான் எங்க கூப்பிட்டேன் அம்மா? எனக்கு வார்த்தையே வரலையே!"

பாக்கியம் அவனைப் பார்த்தார். நசீரைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

வெளியே கைதட்டல் ஓயவில்லை. நசீர் திரையைத் தூக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

ஆனால் திரை ஏறுவதற்குள் பாக்கியம் மேடை நடுவில் நின்றிருந்தார்.