இருபத்தொரு கிலோ

தூத்துக்குடியில் ஒரு வலைக்கடையின் மாடியில் ஜெசிந்தா மாஸ்டர் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிறார். ஒரு காலத்தில் பளுதூக்கும் வீராங்கனை. இப்போது எண்பத்து நான்கு கிலோ. புதிதாக வருகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர் இல்லையாக்கா?" என்று அவரிடமே கேட்பதுண்டு.

"இப்ப வந்துருவாங்க, உள்ள போய் உக்காருங்க" என்பார் அவர்.

பிரிஸ்கா அங்கே பதினான்கு மாதமாக வருகிறாள். எம்.எஸ்ஸி. படிக்கிறவள். இருபத்தொரு கிலோ குறைத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை மாலை, தங்கை டெல்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். டெல்மாவுக்குப் பதினேழு வயது.

"மாஸ்டர், இவளையும் குறைக்கணும்."

"அவ கேட்டாளா?"

"அவ எங்க கேப்பா? அவ வாய் திங்கத்தான் திறக்கும்."

டெல்மா எதிர்ச் சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

"நானும் எல்லாம் செஞ்சு பாத்துட்டேன் மாஸ்டர். முறுக்கு டப்பாவைப் பூட்டி வச்சேன். தட்டுல எத்தனை இட்லின்னு பக்கத்துல நின்னு எண்ணுதேன். மூட்டைன்னு பேர் வச்சுக் கூப்பிட்டேன், ரோஷம் வரட்டும்னு. வரல. இப்ப என்ன செய்யிதா தெரியுமா? பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, பைப்பைத் திறந்து விட்டுட்டு, உள்ள நின்னு பன் திங்கா. ஒன்பது நாளா எங்ககூட உக்காந்து சாப்பிடல."

"பைப்பை எதுக்குத் திறந்து விடுதா?"

"கவர் பிரிக்கிற சத்தம் வெளிய கேக்கக் கூடாதாம்."

மாஸ்டர் டெல்மாவின் பக்கம் திரும்பினார்.

"உன் பேரு என்னம்மா?"

"வீட்டுல கூப்பிடுறதா, சர்டிபிகேட்டுல இருக்கிறதா?"

"பாத்தீங்களா? பேச்சு மட்டும் பாருங்க" என்றாள் பிரிஸ்கா.

அவள் தன் போனை எடுத்து நீட்டினாள். திரையில் ஒரு குண்டான பெண், யாரோ எடுத்த படத்தில் பாதி கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவகிட்டயும் இதைத்தான் காட்டுதேன். எனக்குத் தினமும் காலையில இதைப் பாத்தாத்தான் வெறி வரும். திரும்ப இந்தப் பன்னியா ஆயிரக் கூடாதுன்னு."

"யாரு இது?"

"விளையாடாதீங்க மாஸ்டர். நான்தான். பழைய நான்."

"எனக்கு அந்த அக்காவைப் பிடிக்கும்" என்றாள் டெல்மா, ஜன்னலைப் பார்த்தபடியே.

"பிடிக்காம என்ன? ரெண்டு பேரும் ஒரே பொட்டலத்துல கையை விட்டவங்கதானே."

மாஸ்டர் போனைத் திருப்பித் தரவில்லை.

"பிரிஸ்கா, முதல் நாள் நீ வந்தப்போ உனக்கு என்ன பயிற்சி குடுத்தேன்?"

"பயிற்சியா அது? மொட்டைமாடிப் படியில ஏறி இறங்கச் சொன்னீங்க. இருபது தடவை. உக்காந்து உக்காந்து ஏறினேன். கடைசி நாலு தடவை அழுதுக்கிட்டே ஏறினேன்."

"இன்னைக்கும் ஏறு. அதுக்குப் பிறகு இவளை என்ன செய்யலாம்னு பேசுவோம்."

பிரிஸ்காவுக்குச் சிரிப்பு வந்தது. "இருபதுதானே?"

"இருபதுதான்."

மாஸ்டர் ஒரு முதுகுப்பையை எடுத்தார். பத்துக் கிலோ வட்டு ஒன்றை உள்ளே வைத்தார். இன்னொரு பத்துக் கிலோ வட்டை வைத்தார். யோசித்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் வைத்து ஜிப்பை இழுத்தார். பிரிஸ்காவின் தோளில் மாட்டிவிட்டார்.

"டெல்மா, நீ எண்ணு."

பிரிஸ்கா முதல் நான்கு முறை வேகமாக ஏறினாள். ஐந்தாவதில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தாள். எட்டாவதில் பாதிப் படியில் உட்கார்ந்தாள்.

"உக்காரலாம்ல?" என்று கீழே பார்த்துக் கேட்டாள்.

"அன்னைக்கும் உக்காந்தியே" என்றார் மாஸ்டர்.

இறங்கி வந்து, "பத்து" என்றாள் பிரிஸ்கா.

"ஒன்பது" என்றாள் டெல்மா.

"பத்துட்டி."

"ஒன்பதுக்கா. இட்லின்னா மட்டும் கரெக்டா எண்ணுத."

பதினோராவது முறை ஏறும்போது பிரிஸ்காவின் கால் நடுங்கியது. காலையிலிருந்து இரண்டு வெள்ளரிக்காய் மட்டும் சாப்பிட்டிருந்தாள். மூன்றாவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முடியல மாஸ்டர்."

"இன்னும் பத்து இருக்கு."

"இது நியாயமே இல்ல. அன்னைக்கு வெறும் ஆளா ஏறினேன். இன்னைக்கு இருபத்தொரு கிலோவைத் தூக்கி முதுகுல கட்டிட்டு ஏறுன்னா, இதோட எவ ஏறுவா?"

மாஸ்டர் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இவ ஏறினா. இருபது."

பிரிஸ்கா அந்தப் படத்தைப் பார்த்தாள். பார்வையை விலக்கினாள். திரும்பவும் பார்த்தாள். கீழே வலைக்கடையில் யாரோ கயிற்றை அறுத்துக் கட்டும் சத்தம் கேட்டது.

ஆனால் அவள் அவ்வளவு சீக்கிரம் விடுகிறவள் இல்லை.

"சரி. ஏறினா. இல்லைன்னு சொல்லல. ஆனா அவளை எவன் மதிச்சான்? பஸ்ல ஒருத்தன் ரெண்டு டிக்கெட் எடுக்கச் சொன்னான். லேப்ல நான் உக்காரப் போனா ஸ்டூல் பத்திரம்பாங்க. கல்யாணப் பந்தியில சித்தி என் இலையைப் பாத்துத்தான் பேசுவா, என் முகத்தைப் பாத்துப் பேச மாட்டா. நான் ஒரு செமினார்ல முதல் பரிசு வாங்கினேன் மாஸ்டர். பரிசு வாங்கின படத்தைப் பாத்துட்டு எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? கறுப்புச் சுடிதார் போட்டிருந்தா கொஞ்சம் ஒல்லியாத் தெரிஞ்சிருப்பேனாம். நான் என்ன பேசினேன்னு ஒருத்தரும் கேக்கல. என் தங்கச்சி இதெல்லாம் கேக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் பாடு படுதேன். இது தப்பா? சொல்லுங்க."

"தப்பில்ல."

"பிறகு?"

மாஸ்டர் அவளுக்குப் பதில் சொல்லாமல் டெல்மாவைக் கேட்டார்.

"உன்னைய பஸ்ல யாரும் ஏதும் சொன்னாங்களாம்மா?"

"ஒரு கண்டக்டர் சொன்னாரு."

"நீ என்ன செஞ்ச?"

"உங்க தொப்பைக்கு எத்தனை டிக்கெட் எடுத்தீங்கன்னு கேட்டேன். பஸ்ஸே சிரிச்சுது."

"ஸ்கூல்ல?"

"சொல்லுவாங்க. நானும் சொல்லுவேன். அப்புறம் எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம்."

"மூட்டைன்னு யாரு கூப்பிடுவா?"

டெல்மா அக்காவைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

"அது வீட்டுல மட்டும்தான்."

பிரிஸ்கா எதையோ சொல்ல வாயெடுத்தாள். மாஸ்டர் போனை அவள் மடியில் வைத்தார்.

"ஊர் வாய் உங்க வீட்டுக்குள்ள எப்படிட்டி வந்துச்சு?"

பிரிஸ்கா பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டெல்மா வந்து அதே படியில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.