எதிர்வீட்டு மேடு

யசாகு தாமதமாகச் சீடரானவர். அவருக்கு வயது அறுபத்தாறு. குரு மியோஜுன் அம்மையாருக்கு நாற்பத்தொன்று. மனைவி சயோ இறந்த பிறகு தினமும் மடத்துக்கு வந்து முற்றம் பெருக்குவார், கேள்வி கேட்பார். பெருக்கியதைவிடக் கேட்டதுதான் அதிகம்.

இறந்தவரின் அஸ்தியை நாற்பத்தொன்பதாம் நாள் கல்லறையில் சேர்ப்பது ஜப்பானில் வழக்கம். சயோ போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. கல்லில் அவள் பெயரைக்கூட வெட்டியாகிவிட்டது. கலசம் மட்டும் வீட்டு அலமாரியை விட்டு இறங்கவில்லை. நாள் குறித்தால் மழை வரும். மழை விட்டால் யசாகுவுக்கு முழங்கால் வலி வரும். சாக்குக்கா பஞ்சம்?

ஒரு நாள் குரு நேராகவே கேட்டார்.

"எதுக்கு பயப்படறீங்க யசாகு?"

"மண்ணுக்குள்ள போயிட்டா ஊர் அவளை மறந்துடும், குருவே. நானும் போயிட்டா அவ யாரோ ஒருத்தி. ஒருத்தரை எத்தனை நாளைக்குத்தான் நினைச்சுக்கிட்டு இருப்பாங்க?"

"நாளைக்குக் காலையில அவங்களையும் எடுத்துட்டு வாங்க. பஸ்ல ஒரு இடத்துக்குப் போகலாம்."

மறுநாள் வெள்ளைத் துணியில் கட்டிய கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு யசாகு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். திருப்பங்களில் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். டிரைவர் வேகமாகத் திருப்புகிறான் என்று முணுமுணுக்கவும் செய்தார்.

இறங்கிய இடம் நகரத்தின் நடுவே ஒரு மேடு. அந்தக் காலத்துப் பெரிய மனிதர் யாரையோ புதைத்த இடம். மேலிருந்து பார்த்தால் சாவித் துவாரம் போல இருக்குமாம். கீழே நிற்பவர்களுக்கு வெறும் காடு. சுற்றிலும் அகழி. அகழியை ஒட்டித் தெரு, தெருவின் மறுபக்கம் வரிசையாக வீடுகள், ஒரு சலவைக் கடை, கார் நிறுத்துமிடம்.

வேலியில் ஒரு பலகை இருந்தது. யசாகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"காலம், சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன். புதைக்கப்பட்டவர், தெரியவில்லை."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதைக் காட்டத்தான் கூட்டிட்டு வந்தீங்களா? எத்தனை பேர் மண் சுமந்திருப்பாங்க! இவருக்கே பேர் மிஞ்சலை. என் சயோவுக்கு இருக்கிறது ஒரு முழக் கல்லு."

குரு பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்று உருண்டையில் ஒன்றை அவரிடம் நீட்டினார். யசாகு கோபம் குறையாமலே வாங்கிச் சாப்பிட்டார்.

அப்போது சலவைக் கடையிலிருந்து ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மேட்டைப் பார்த்துத் தலை தாழ்த்தி, "போயிட்டு வர்றேங்க!" என்று உரக்கச் சொன்னாள்.

நம்மைப் போலத்தான் ஜப்பானியர்களும். 'போகிறேன்' என்று சொல்லிக் கிளம்புவதில்லை. கிளம்புகிறவர் 'போய் வருகிறேன்' என்பார். வீட்டில் இருப்பவர் 'போய் வா' என்பார்.

யசாகு எழுந்தே விட்டார். "யார்கிட்டம்மா சொல்றே?"

"இதோ, இவர்கிட்டதான்."

"இவர் யாரு?"

"யாருக்குத் தெரியும்? எதிர்வீட்டுக்காரர். நான் கல்யாணமாகி வந்தப்போ மாமியார் சொன்னாங்க, 'வெளியே போனா இவர்கிட்ட சொல்லிட்டுப் போ'ன்னு. முப்பது வருஷமா சொல்றேன்."

"பேர்கூடத் தெரியாம?"

"தினமும் பார்க்கிறவருக்குப் பேர் எதுக்குங்க?"

"பதில் வருமா?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னாலும்தான் வராது!" என்று சிரித்துவிட்டு அவள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

யசாகு சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். குரு அவரை அழவிட்டார்.

"நான் பொய் சொன்னேன், குருவே," என்றார் யசாகு கடைசியில். "ஊர் மறக்கிறதைப் பத்தியெல்லாம் எனக்குக் கவலை இல்லை. அன்னைக்குக் காலையில சூப்புல உப்பு ஜாஸ்தின்னு சண்டை. கோவத்துல ஒண்ணும் சொல்லாம வேலைக்குக் கிளம்பிட்டேன். அவ வாசல் வரைக்கும் வந்து நின்னா. நான் திரும்பிப் பார்க்கலை. சாயங்காலம் வந்தா அவ இல்லை."

"ம்."

"'போயிட்டு வர்றேன்'னு ஒரு வார்த்தை. அதை இப்போ தினமும் இந்தக் கலசத்துக்கிட்ட சொல்லிப் பார்க்கிறேன். மனசு ஆற மாட்டேங்குது. அவகிட்ட சரியாச் சொல்லாம எப்படி நான் அவளை மண்ணுல விடுவேன்?"

குரு கலசத்தின் மேல் கை வைத்தார். தளர்ந்திருந்த துணி முடிச்சை இறுக்கிக் கட்டினார்.

"அன்னைக்குக் கிளம்பினது நீங்க," என்றார். "இப்போ கிளம்பி நிக்கறது அவங்க, யசாகு. மூணு வருஷமா வாசல்லயே நிக்கறாங்க. வீட்டுல இருக்கிறவர் என்ன சொல்லணுமோ, அதைச் சொல்லுங்க."