ஆந்திராவுக்குப் போன புயல்

சிப்பிக்குப்பத்தில் புயலைப் பற்றிச் சொல்ல ஒருவர்தான் இருந்தார். வானிலை நிலையத்தில் முப்பது வருஷம் வரைபடம் வரைந்து ஓய்வுபெற்ற ஞானாதிக்கம். அவர் கோயில் மணியை அடித்தால் ஊரே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும். அவருக்கே மனசு குழம்பினால் பால்வாடி நடத்தும் கன்னியாஸ்திரி சிஸ்டர் நொயலாவிடம் போய் நிற்பார். வயதில் சிஸ்டர் அவருக்கு மகள் மாதிரி. இவருக்கோ குரு.

அன்று காலை துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கடல் சும்மா கிடந்தது. பால்வாடி வாசலில் சிஸ்டர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஞானாதிக்கம் வரைபடத்தை விரித்தார்.

"நாளை விடிகாலை கரையைத் தொடும்மா. புயல் போற கோடு நமக்கு நாற்பது கிலோமீட்டர் வடக்கே போகுது. இப்படியும் திரும்பலாம், அப்படியும் போகலாம். சாயங்காலம்வரை பார்த்துட்டு மணி அடிக்கட்டுமா?"

"சாயங்காலம் வாய்க்கால் பாலத்துல தண்ணி ஏறிடுமே?"

"ஏறிடும்."

"பிறகு ஜனங்க மேட்டுக்கு எப்படிப் போவாங்க?"

அவர் வரைபடத்தை மடித்தார்.

"மணிக்கயிற்றைத் தொடவே கூச்சமா இருக்கும்மா. போன மாசம் அடிச்சேன். எல்லாரும் பிள்ளைகுட்டியோட ஓடினாங்க. புயல் திரும்பிடுச்சு. 'பெரியவரே, உங்க புயல் ஆந்திராவுக்கு பஸ் ஏறிடுச்சாமே'ன்னு மீன் ஏலத்துல வச்சே லூர்துராஜ் கேட்டான்."

"வேற யாரு சிரிச்சது?"

"ஸ்டெனிலா. நிறைமாசக்காரியை அன்னைக்கு நான்தான் ஆட்டோவில ஏத்தினேன். இப்ப பிள்ளை பெத்து எட்டு நாள். பச்சைப்பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, 'தாத்தாவோட புயலைப் பார்க்க நீ அவசரமா வந்துட்டியாடா'ன்னு என் எதிரிலேயே கொஞ்சுறா."

"அப்புறம்?"

"மதலேனம்மாவுக்குக் கண்ணே தெரியாது. அவங்களும் என் செருப்புச் சத்தம் கேட்டா, 'பாய் சுருட்டணுமா?'ன்னு கேக்குறாங்க."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

"சிரிக்காதவங்க யாராவது உண்டா?"

கீழத்தெருவில் தொடங்கி வீடு வீடாக யோசித்தார் ஞானாதிக்கம்.

"இல்லம்மா. நூத்திப்பத்து வீட்டுலயும் ஒருத்தர் விடாம சிரிச்சாச்சு."

கீரைத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு சிஸ்டர் எழுந்தார். உள்ளே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தார்.

"அப்போ, சிரிக்க ஒருத்தர்கூடக் குறையல" என்றார்.