கடலிலிருந்து தெரியும் கம்பம்

ஓர் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மடம் இருந்தது. அங்கே சிலை கிடையாது, ஏடு கிடையாது. இரண்டு கம்பங்கள் இருந்தன. ஆற்றின் வாயைப் பார்த்தபடி உட்கரையில் ஒன்று, அதற்குப் பின்னால் மேட்டில் ஒன்று. கடலிலிருந்து வரும் படகுக்கு இரண்டும் ஒன்றையொன்று மறைத்து ஒரே கம்பமாகத் தெரிந்தால் பயமில்லாமல் வரலாம், கீழே ஆழம் உண்டு. தனித்தனியாகத் தெரிந்தால் வழி தவறிவிட்டது, கீழே மணல்திட்டு.

அந்தக் கம்பங்களைக் காப்பதுதான் அந்த மடத்தாரின் தவம்.

பழைய குரு கண்மூடும் முன் மடத்தைத் தையல்நாயகியிடம் ஒப்படைத்தார். அவளுக்கு முப்பது வயது. ஊரார் அவள் வயதைப் பேசினார்கள். பெண் என்பதைப் பேசினார்கள். பன்னிரண்டு வருஷமாக வாரம் தவறாமல் மூங்கில் கழியோடு போய் ஆற்றுவாயின் ஆழத்தை அளந்து வந்தவள் அவள் ஒருத்திதான். அதை மட்டும் ஒருவரும் பேசவில்லை.

மடத்தில் மூத்த சீடர் திருமேனி. வயது ஐம்பத்தெட்டு. முன்கம்பத்தின் காவல் அவருடையது. ஒரு காலத்தில் வெறும் மணலில் நின்ற கம்பத்துக்கு வருஷம் ஒரு வரிசையாகக் கல் அடுக்கி, ஆள் உயரத்துக்குப் பீடம் கட்டியிருந்தார். ஆண்டுதோறும் கம்பத் திருநாளுக்கு விருந்தாக வரும் ஒன்பது மடங்களில் எங்கும் அப்படியொரு பீடம் இல்லை. தையல்நாயகிக்குக் கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. இப்போது அவளை 'அம்மா' என்று கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அழுத்தியே கூப்பிட்டார்.

அந்த வருஷ மழையில் ஆற்றின் வாய் தெற்கே நகர்ந்துவிட்டது. கம்பங்களையும் நகர்த்த வேண்டும் என்று தையல்நாயகி அளந்து பார்த்துச் சபையில் சொன்னாள். எல்லோரும் திருமேனியைப் பார்த்தார்கள்.

"கம்பத் திருநாள் முடியட்டும், அம்மா," என்றார் அவர்.

உள்ளூர்ப் படகுகளுக்குத் தண்ணீரின் நிறமே வழி சொல்லும். ஆகவே அவளும் சரி என்றாள்.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் சேதி வந்தது. பாலம் உடைந்துவிட்டதாம். வழக்கமாக வண்டியில் வரும் ஒன்பது மடத்தாரும் இந்த முறை கடல்வழியாக வருகிறார்களாம்.

திருமேனிக்குத் தலைகால் புரியவில்லை. சுண்ணாம்புச் சட்டியும் கையுமாகத் தையல்நாயகியிடம் வந்தார்.

"கேட்டீங்களா அம்மா? கடல்லேர்ந்து பார்க்கப் போறாங்க, நம்ம பீடத்தை."

"கேட்டேன், அண்ணே."

"வேலை தலைக்கு மேல கிடக்கு. பீடத்துக்கு ரெண்டாவது பூச்சு அடிக்கணும். பந்தல் பாதியில நிக்குது. பாயசத்துக்கு வெல்லம் வரல. கொடித்துணி இன்னும் தையல்லயே இருக்கு. ஆள் ஏழே பேரு. எதை முதல்ல எடுக்க? நீங்களே சொல்லுங்க."

"படகுல ஏறுங்க," என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

"கம்பக்காரன் கரையை விட்டுப் போகக் கூடாது. அது நம்ம விதி. உங்களுக்கே தெரியும்."

"ஏன் அப்படி ஒரு விதி?"

"காத்துல கம்பம் சாஞ்சா உடனே நிமிர்த்த ஆள் வேணுமில்ல?"

"இப்பப் பீடம் இருக்கே. சாயுமா?"

"யானை முட்டினாலும் சாயாது."

"அப்ப வாங்க."

 தன் பெருமையாலேயே கட்டுப்பட்டுப் போனது திருமேனிக்குப் புரிந்தது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்.

படகுக்காரர் பெரியாண்டி. இந்த மழைக்குப் பிறகு இரண்டு தடவை மடத்துக்கு வந்து, "கம்பம் பொய் சொல்லுது சாமி," என்றவர். இரண்டு தடவையும், "உன் கண்ணைக் காட்டு, மருந்து போடுறேன்," என்று அனுப்பிவைத்தவர் திருமேனி.

"வாங்க கம்பக்காரரே," என்றார் பெரியாண்டி. "மெதுவா ஏறுங்க. படகுக்கே கூச்சமா இருக்கு."

கடலில் வெகுதூரம் போய்ப் படகைத் திருப்பினார்கள். தையல்நாயகி கேட்டாள்:

"கம்பத்தை எத்தனை வருஷமாக் காக்குறீங்க, அண்ணே?"

"முப்பத்தொரு வருஷம்."

"இங்கேர்ந்து எத்தனை தடவை பார்த்திருக்கீங்க?"

அவர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை வெயிலில் பீடம் பால்போல் வெளுத்து நின்றது.

"அழகாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக.

"ரொம்ப அழகு," என்றாள் அவள். உண்மையாகவே சொன்னாள். "இப்ப சுக்கானை நீங்க பிடிங்க. நாளைக்கு வர்ற விருந்தாளியா உங்களை நெனச்சுக்குங்க. இந்தக் கடல் தெரியாது, கம்பத்தை மட்டும் நம்பி வர்றீங்க."

பெரியாண்டி பாயைப் பாதி இறக்கிவிட்டு, திரும்பி உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

"ஏன்யா கண்ணை மூடுற?" என்றார் திருமேனி.

"திறந்திருந்தா என் கை சும்மா இருக்காது, சாமி. திருப்பிடும்."

திருமேனி சுக்கானைப் பிடித்தார். இரண்டு கம்பங்களும் ஒன்றையொன்று நெருங்கின. ஒன்றாயின. நூல் பிடித்தாற்போல் அப்படியே படகை விட்டார். ஒரு விரற்கடை விலகவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

படகு எதிலோ முட்டி நின்றது. பின்னாலிருந்து வந்த அலை படகுக்குள் ஏறி அடித்தது. திருமேனி தண்ணீரில் விழுந்தார். கையை ஊன்றி எழுந்து நின்றார்.

முழங்கால் ஆழம்.

எதிரே இரண்டு கம்பங்களும் ஒரே கம்பமாக நின்றன. பீடம் பளபளத்தது.

அவர் ஒருமுறை கம்பங்களையும், ஒருமுறை காலடி மணலையும் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நாளைக்கு எத்தனை படகு?"

"ஒன்பது. படகுக்குப் பத்துப் பேர்."

"இன்னிக்கு அலை சாதுவா இருக்கு," என்றார் பெரியாண்டி, வாளியால் தண்ணீரை இறைத்தபடி. "நாளைக்கு வாடைக்காத்து இருக்கு. இந்தத் திட்டுல முட்டினா நிக்காது. கவுந்துரும்."

"சேதி அனுப்பி நிறுத்த முடியாதா?"

"கிளம்பியிருப்பாங்க, அண்ணே."

திருமேனி முகத்திலிருந்த தண்ணீரைத் துடைத்தார்.

"தெரிஞ்சும் என்கிட்ட அழுத்திச் சொல்லலையே நீங்க."

"சபையில சொன்னேன். அவர் ரெண்டு தடவை வந்து சொன்னார்."

திருமேனி பெரியாண்டியைப் பார்த்தார். பெரியாண்டி வேண்டுமென்றே வாளியைப் பார்த்தார்.

"பின்கம்பம் மணல்லதான் நிக்குது," என்றார் திருமேனி. "பிடுங்கி நட்டுடலாம். முன்கம்பம்..." நிறுத்தினார். "ஒன்பது மடத்துல யாருக்கும் இல்லாத பீடம் அது, அம்மா."

"தெரியும். பன்னிரண்டு வரிசைக்கு நானும் கல் தூக்கியிருக்கேன்."

"இடிக்கச் சொல்லி உத்தரவு போடுங்க. போட்டா நான் மறுக்க மாட்டேன்."

"போட மாட்டேன்."

"ஏன்?"

"நான் சொல்லி இடிச்சா நீங்க எனக்குப் பணிஞ்சவர். அந்தப் பணிவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எனக்குக் கம்பக்காரர் வேணும்."

 கடல்நீர் ஏறிப் படகு மிதக்க உச்சிவேளை ஆகிவிட்டது.

கரையில் சீடர்கள் காத்திருந்தார்கள். நனைந்து வந்த திருமேனியைப் பார்த்து ஒருவன் ஓடிவந்தான்.

"ஐயா, ரெண்டாவது பூச்சு நானே ஆரம்பிச்சுட்டேன். கால்வாசி முடிஞ்சுது."

"தூரிகையைக் கீழ வை," என்றார் திருமேனி. "கடப்பாரை எடு."

"பந்தலுக்கா?"

"பந்தல் கிடக்கட்டும். வெல்லம் வந்தா வரட்டும், வராட்டி உப்பில்லாத கஞ்சி குடிக்கட்டும். ஏழு பேரும் பீடத்துக்கு வாங்க."

அவர்கள் வந்தார்கள். என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்ததும் கல்லாய் நின்றார்கள். ஒருவன் தையல்நாயகியிடம் போய், "அம்மா, தடுங்க," என்றான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள்.

இளையவர்கள் நாலு பக்கமும் இடித்துப் பார்த்தார்கள். ஒரு கல் அசையவில்லை.

"தள்ளுங்கடா," என்றார் திருமேனி. "வாழ்நாள் பூரா தட்டினாலும் உங்களால முடியாது. அப்படிக் கட்டியிருக்கேன்."

குனிந்து, வடகிழக்கு மூலையில் மூன்றாம் வரிசைக் கல்லைத் தடவிப் பார்த்தார். கடப்பாரையின் நுனியை அதன் இடுக்கில் வைத்தார். ஒரு நெம்பு. கல் நழுவியது. மேலிருந்தவை ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஈரச் சுண்ணாம்பு அவர் மார்பெல்லாம் தெறித்தது.

பின்கம்பத்தைப் பிடுங்கித் தெற்கே நட்டுவிட்டு, முன்கம்பத்தை ஏழு பேர் தூக்கினார்கள். பெரியாண்டி படகை ஆற்றின் புதிய வாய்க்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார். தையல்நாயகி மூங்கில் கழியை நட்டு ஆழம் பார்த்துக் கை காட்டினாள். பெரியாண்டி துடுப்பைத் தூக்கினால் சரி, தாழ்த்தினால் நகர வேண்டும். துடுப்பு ஏறி இறங்கியது. ஒரு முழம் தெற்கே. இன்னும் அரை முழம். ஒரு சாண் வடக்கே. கடைசியில் துடுப்பு வானத்தைப் பார்த்து நின்றபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

பீடம் இல்லை. நாலு பக்கமும் கயிறு கட்டி முளையடித்தார்கள்.

மறுநாள் காலையில் வாடைக்காற்று எழுந்தது. ஒரு முளை பிடுங்கிக்கொண்டது. திருமேனி அந்தக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மணலில் கால் புதைத்து நின்றார். மற்றவர்கள் மற்றக் கயிறுகளைப் பிடித்தார்கள்.

முதல் பாய் தெரிந்தது. பழைய வழிக்கு நேரே வந்தது. அங்கே அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. திருமேனி கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

படகு தயங்கியது. அவர்களுக்குக் கம்பங்கள் இரண்டாகத் தெரிந்திருக்க வேண்டும். பாய் மெல்லச் சாய்ந்தது. தெற்கே திரும்பியது. நுரையை ஒட்டி வந்து, கம்பத்துக்கு நேராகி, அகப்பையில் எண்ணெய் வழுக்குவதுபோல் உள்ளே வந்துவிட்டது.

இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. ஒன்பதாவது உள்ளே வந்தபோது திருமேனியின் இடுப்பில் கயிறு தோலை உரித்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. தலை நிமிர்ந்து நின்றார். பீடம் கட்டி முடித்த அன்றைக்குக்கூட அவர் அப்படி நின்றதை யாரும் பார்த்ததில்லை.

மேலைமடத்துத் தலைவர் முதலில் இறங்கினார். குடை பிடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தார். குவிந்து கிடந்த கல்லைப் பார்த்தார். பாதிப் பந்தலைப் பார்த்தார். காற்றில் ஆடும் கம்பத்தையும், சுண்ணாம்பும் சேறுமாக அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவரையும் பார்த்தார்.

"என்ன திருமேனி, அவ்வளவு பெருமையா நின்ன உம்ம பீடம் எங்கே? கட்டிப்போட்ட எருமை மாதிரி கம்பம் இந்த ஆட்டம் ஆடுது? சின்னப் பொண்ணு கையில மடத்தைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்னு அன்னிக்கே சொன்னேன். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

திருமேனி கயிற்றை விடாமல் தையல்நாயகியின் பக்கம் திரும்பினார்.

"என்ன பதில் சொல்லட்டும், அம்மா?"

இந்த முறை அந்த 'அம்மா'வில் அழுத்தம் இல்லை.

தையல்நாயகி கரையேறிய தொண்ணூறு பேரையும் ஒரு தடவை பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம், அண்ணே. அப்படிக் கேக்க எல்லாரும் பத்திரமா வந்து சேர்ந்துட்டாங்கல்ல."