அதியமான் இல்லாத அரை மணி நேரம்

"மேடம், இந்த மூணு பேரையும் ஃபெயில் ஆக்கணும்," என்றார் தணிகாசலம்.

பேராசிரியர் கோதைநாயகி டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். "எதுக்கு சார்?"

தணிகாசலம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். மென்பொருள் கம்பெனி ஒன்றில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு, இந்தப் பொறியியல் கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்தவர். பாடம் வந்தது, மார்க் போடத்தான் கைவரவில்லை. அதைக் கற்றுக்கொள்ள இந்தப் பருவம் முழுக்க கோதைநாயகி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வயதைப் பார்க்காமல் அப்படி உட்கார ஒரு மனசு வேண்டும். அது அவரிடம் இருந்தது.

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"நாலு பேர் குழு. கேன்டீன் டோக்கன் ஆப். எந்த வரியை யார் எழுதினாங்கன்னு பேரோட பதிவாகியிருக்கு, பாருங்க. எல்லாம் அதியமான், அதியமான், அதியமான். மத்தவங்க பேரு ஊறுகாய் மாதிரி ஓரத்துல."

"அதனால?"

"அவனுக்கு முழு மார்க். மத்த மூணும் ஓசிப் பயணம்."

"ஃபெயிலானா கேம்பஸ்ல கிடைச்ச வேலை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். அதுக்காகப் பொய் மார்க் போட முடியுமா?"

"முடியாது," என்றார் கோதைநாயகி. "கூப்பிடுங்க."

நால்வரும் வந்தார்கள். மூன்று பேருக்கு விஷயம் எட்டிவிட்டது போலிருக்கிறது, முகம் வெளிறிப்போய் நின்றார்கள்.

கோதைநாயகியிடம் ஒரு அழகு உண்டு. அதட்ட மாட்டார், குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்.

"அதியமான், போனை மேசை மேல வச்சிட்டு வெளிய போய் நில்லு."

தணிகாசலத்துக்கு இது விளங்கவில்லை. வேலை செய்தவனையே வெளியே அனுப்பிவிட்டு, இங்கே யாரிடம் என்ன கேட்பது?

"வாங்கின டோக்கனைத் திருப்பிக் குடுத்தா, அந்தச் சாப்பாடு அடுத்தவங்களுக்குக் கிடைக்கணும். உங்க ஆப்ல அந்த வசதி இல்ல. செஞ்சு காட்டுங்க. அரை மணி நேரம்," என்றார் கோதைநாயகி மற்ற மூவரிடம்.

மூவரும் ஒரே கணினி முன் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பர்வீன் தட்ட ஆரம்பித்தாள்.

"அங்க இல்ல, எண்ணிக்கையைக் குறைக்கிற இடம் கீழ இருக்கு," என்றான் ஜெரோம்.

"ஒரே டோக்கனை ரெண்டு தடவை திருப்பிக் குடுத்தா?" என்று மடக்கினான் முத்துவேல்.

அழித்தார்கள். சண்டை போட்டார்கள். மறுபடி எழுதினார்கள். கடைசியில் செய்தும் காட்டிவிட்டார்கள்.

தணிகாசலம் அசந்துபோனார்.

"எப்படிம்மா? இதுல நீ எழுதினது நாலு வரிகூட இருக்காதே!"

பர்வீன் தயங்கித்தான் சொன்னாள். "அதியமான் எழுதினதை மறுநாள் எங்கள்ல ஒருத்தர் அவனுக்கே விளக்கிச் சொல்லணும் சார். அது எங்க வழக்கம். எங்களுக்குச் சொல்ல வரலைன்னா, தப்பு தன் மேலதான்னு சொல்லி எல்லாத்தையும் அழிச்சிடுவான். புரியற மாதிரி திரும்ப எழுதுவான்."

பிள்ளைகள் போனார்கள்.

மூவருக்கும் நல்ல மார்க்காகவே போட்டார் தணிகாசலம். மனசு நிறைந்துதான் போட்டார். அதியமான் பெயருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"இவனுக்கு என்ன போடறது மேடம்? இவன் இல்லாமலே எல்லாம் நடக்குதே. அப்புறம் எப்படி முழு மார்க்?"

கோதைநாயகி அவரையே பார்த்தார்.

"நீங்க கம்பெனியை விட்டு வந்தப்புறம் அங்க என்ன ஆச்சு சார்?"

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. "அதை ஏன் கேக்கறீங்க! நான் எழுதினதைத் தொட ஒருத்தனுக்கும் தைரியம் வரல. மாசக்கணக்கா போன் மேல போன். வேலையே படுத்துடுச்சு."

"அப்படியா?" என்ற கோதைநாயகி மேலே கேட்டார்.

"அப்போ உங்களுக்கு எத்தனை மார்க் போடலாம்?"