காக்கைக் குஞ்சுக்குக் கழுத்து சுளுக்கிய கதை

அந்தக் காலத்தில், மரமும் பறவையும் பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் ஏரிக்கரையில் பெரிய இலுப்பை மரம் நின்றது. மழைக்காலம் தொடங்குமுன் அதில் கூடு கட்டிய ஒவ்வொரு பறவையின் குஞ்சும் மரத்துக்கு ஒரு புதுக்கதை சொல்லியாக வேண்டும். "நீங்கள் எங்கெங்கோ பறக்கிறீர்கள். நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். எனக்கும் பொழுது போக வேண்டாமா?" என்று மரம் கேட்கும். கதை சொன்னவர்களுக்கு இலை அடர்ந்த உள்கிளை. மற்றவர்களுக்குக் காற்றும் மழையும் அறையும் நுனிக்கிளை.

கரியாள் என்ற காகத்துக்குப் போன வருடம் நுனிக்கிளைதான் கிடைத்தது. ஐப்பசிக் காற்றில் கூடு மொத்தமும் பறந்துபோயிற்று. இந்த வருடம் அவளுக்கு ஒரே குஞ்சு, பெயர் மிளகு. கதை சொல்ல ஒரு நாள்தான் மிச்சம்.

"நாரைக் குஞ்சு கடல் தாண்டி வந்ததைச் சொல்லப்போகிறதாம். நீயும் ஏதாவது யோசி" என்றாள் கரியாள்.

"நான் கடலைப் பார்த்ததே இல்லையே, அம்மா."

"பார்த்ததைச் சொல்."

மிளகு குனிந்து பார்த்தது. "கரையில் ஒரு பிய்ந்த செருப்பு கிடக்கிறது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அன்று முழுக்கக் கரியாளுக்கு இரை இறங்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது மிளகுக்குக் கழுத்து சுளுக்கியிருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. அழுவதற்காக வாயைத் திறந்த குஞ்சு, கரையைப் பார்த்ததும் அழ மறந்துபோயிற்று.

"அம்மா, அந்தச் செருப்பு இப்போது படகு மாதிரி இருக்கிறது."

'படகாவது ஒன்றாவது, கழுத்தைக் காட்டு' என்று சொல்லத்தான் கரியாள் வாயெடுத்தாள். ஆனால் குஞ்சின் கண்ணில் நேற்று இல்லாத ஒரு மினுக்கம். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "படகில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

"ஓர் எறும்புப் பெண்."

"எங்கே போகிறாள்?"

"அக்கரையில் அவள் அண்ணனுக்குக் கல்யாணம். சீராக ஒரு வெல்லக்கட்டி கொண்டுபோகிறாள். ஆனால் வார் அறுந்த இடத்தில் ஓட்டை இருக்கிறதே. நடு ஏரியில் தண்ணீர் உள்ளே வருகிறது."

"அடிப்பாவமே. அப்புறம்?"

மிளகு சாய்ந்த தலையோடு யோசித்தது. "வெல்லத்தை வைத்தே ஓட்டையை அடைக்கிறாள். படகு தப்பித்தது. வெல்லம் கரைந்துபோயிற்று. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று அழுகிறாள். ஆனால் ஏரியெல்லாம் தித்தித்ததால், மீன்கள் அத்தனையும் படகின் பின்னாலேயே கல்யாணத்துக்கு வந்துவிட்டன."

மரம் சிரித்த சிரிப்பில் மேல்கிளையில் தூங்கிய கொக்கு நழுவி விழப்பார்த்தது.

"இந்த ஏரியை நூறு வருடமாகப் பார்க்கிறேன். இது தித்திக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே" என்றது மரம். "கரியாள், அந்த உள்கிளைக்குக் குடிவந்துவிடு."

சாயங்காலம் சுளுக்கு விட்டது. இருந்தும் மிளகு தலையை நிமிர்த்துவதாக இல்லை. கதை கிடைக்காமல் தவித்த மற்றக் காக்கைக் குஞ்சுகளும் வரிசையாக வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்தன. ஒன்றுக்கு உடைந்த பானை அரண்மனையாகத் தெரிந்தது. இன்னொன்றுக்கு விளக்குமாறு ஒரு கிழவரின் தாடியாயிற்று. கரியாள் ஒவ்வொன்றிடமும் போய், "யார் அது? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்று முதல்தான் காகம் எதைக் கண்டாலும் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. பக்கத்தில் இன்னொரு காகம் விடாமல் கத்தினால், அது கேட்பது வேறொன்றுமில்லை, "அப்புறம்?" என்றுதான்.