இந்தக் கைக்கு எந்தத் தூண்டில்?

“இந்தக் கைக்கு எந்தத் தூண்டில் சரியா வருமுங்க, டீச்சர்?”

கேட்டவர் நாச்சிமுத்து. வயது அறுபத்திரண்டு. பக்கவாதம் எடுத்துக்கொண்ட வலது கை பாதிதான் திரும்பி வந்திருந்தது.

டீச்சர் ஹில்டாவுக்கு அவரில் பாதி வயது. மலை ஓடையில் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவள். கணுக்காலளவு தண்ணீரில் நின்றபடி அவர் கையைப் பார்த்தாள்.

நாச்சிமுத்து பாறைமேல் இரண்டு தூண்டில்களை வைத்தார்.

ஒன்று, மகன் குமரேசன் வாங்கித் தந்தது. கட்டையானது, நுனியில் மணி. கூடவே ஒரு மடக்கு நாற்காலி. உட்கார்ந்திருக்க வேண்டும், மணி அடித்தால் சுற்ற வேண்டும். நோயாளிகளுக்கு இதுதான் என்று கடைக்காரன் சொன்னானாம்.

இன்னொன்று, யாருக்கும் சொல்லாமல் அவரே வாங்கியது. பூச்சித் தூண்டில். நீளமானது, மூச்சு விட்டாலே ஆடும். முள்ளில் பூச்சி மாதிரி ஒரு இறகு. புழு கிடையாது, குண்டு கிடையாது.

ஹில்டா நாற்காலியை விரித்து, தான் உட்கார்ந்துகொண்டாள்.

“நல்லாருக்குங்க.”

“அப்ப நான்?”

“நில்லுங்க.”

நின்றார். பூச்சித் தூண்டிலை எடுத்து வீசினார். கயிறு காலடியில் குவிந்தது. மறுபடி வீசினார். பின்னாலிருந்த புதரில் மாட்டியது.

பவானி ஆற்றில் காலமெல்லாம் புழு கோத்துப் போட்டவர் அவர். விடுவாரா? மடியிலிருந்து ஓர் ஈயக்குண்டை எடுத்தார். இறகுக்கு மேலே வைத்துப் பல்லால் கடித்து இறுக்கினார். வீசினார்.

பறந்தது. தொபுக்கென்று விழுந்தது. மடுவிலிருந்த மீனெல்லாம் பாறைக்கடியில் போய்ப் புகுந்தன.

ஹில்டா எழுந்து வந்தாள். ஈயத்தைக் கத்தரித்தாள். திரும்பப் போய் உட்கார்ந்தாள்.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. வெகுநாளாகச் சேர்ந்திருந்த கோபம்.

“டாக்டரு வண்டி ஓட்டாதேன்னாரு. பையன் சாவியப் புடுங்கிட்டான். மருமக காப்பி டம்ளரக்கூடக் கையில தர்றதில்ல. இப்ப நீங்களும் வெட்டி விட்டுட்டீங்க!”

மூவரும் அன்பானவர்கள்தான். அன்பாலேயே ஒரு மனுஷனை மூலையில் உட்காரவைக்கத் தெரிந்தவர்கள்.

“கையில பலமில்லைன்னுதானே குண்டு கட்டுனேன்?”

“பலம் எதுக்குங்க?”

“வீசறதுக்கு!”

“எதை?”

நாச்சிமுத்து முள்ளைத் தூக்கிப் பார்த்தார். இறகுக்கு எடையே இல்லை. குண்டும் போய்விட்டது. காலடியில் தூண்டிலின் மஞ்சள் கயிறு கிடந்தது. கொஞ்சம் கையில் எடுத்துப் பார்த்தார். தடிமனாக, கனமாக இருந்தது.

கோலைத் தூக்கினார்.

கை பின்னால் போய், வழக்கம்போல் அங்கேயே நின்றது. வா என்றால் உடனே வராத கை. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திட்டினார். அதற்குள் கயிறு தலைக்கு மேலே போய், பின்னால் நீண்டு விரிந்தது. அப்புறம்தான் கை முன்னே வந்தது.

கயிறும் கூடவே ஓடிவந்தது. இறகு தண்ணீரில் உட்கார்ந்தது. சத்தமே இல்லை.

“கை லேட்டாத்தான் வருதுங்க,” என்றார் அவர், கூச்சத்தோடு.

“கயிறு விரியற வரைக்கும் கை காத்திருக்கணும்ங்க. மத்தவங்களுக்கு அது வர மாசக்கணக்காகும்,” என்றாள் ஹில்டா.

மேலே ரோட்டில் காரோடு காத்திருந்த குமரேசன் எட்டிப்பார்த்துவிட்டான். சறுக்கி விழாத குறையாக இறங்கி ஓடிவந்தான்.

“அப்பா! யாரு உங்கள எந்திரிக்கச் சொன்னது? கையக் குடுங்க, மேல போலாம்.”

“தரமாட்டேன்,” என்றார் நாச்சிமுத்து. “எனக்கு அதுல வேலை இருக்குது.”